அணிலுக்கு ஒரு வழி

ஸ்ரீவில்லிபுத்தூர் ஒரு புலியால் உண்டான ஊர். தலபுராணம் அப்படித்தான் சொல்கிறது. மல்லி என்னும் அரசியின் மைந்தர்களான வில்லியும் கண்டனும் வேட்டைக்குப் போகிறார்கள். கண்டனைப் புலி கொன்றுவிடுகிறது. உடன்பிறந்தவனைத் தேடிக் களைத்துத் துயின்ற வில்லியின் கனவில் பெருமாள் தோன்றி நடந்ததைச் சொல்லி, காட்டைத் திருத்திக் கோயிலும் நகரும் எழுப்பப் பணிக்கிறார். ஆண்டாளின் நந்தவனத்துக்கு முன்பு அங்கே இருந்தது புலி உலவிய காடு என்பதை ஊர்ப்பெயரே சுமந்துகொண்டிருக்கிறது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவன் கண்டன்தான். இந்தியாவில் அது 51ஆவது காப்பகம், தமிழகத்தில் 5ஆவது, பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்கும் சற்று அதிகம்.

பால்கோவா வாங்க இறங்குகிறவர்களில் எத்தனை பேர் மேற்கே நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை. பார்த்தாலும் மலை ஒரு சாம்பல் கோடாகத்தான் தெரியும். அடிவாரத்தில் முள்ளும் உடையும் மண்டிய வறண்ட காடு. அதற்கு மேலே இலையுதிர் காடு. அதையும் கடந்து ஏறினால் வெயில் தரையில் படாத பசுமைமாறாக் காடு. உச்சியில் புல்வெளியும் சோலையும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையில் பெரும்பங்கைக் கேரளத்துச் சரிவில் இறக்கிவிட்டு, முகட்டைத் தாண்டும்போது ஏறக்குறைய வெறுங்கையோடு வருகிறது. ராஜபாளையத்துக்காரர்கள் ஐப்பசி மழையை நம்பியே வாழ்கிறார்கள். முகட்டுக்கோ இரண்டு பருவமும் சொந்தம். சிங்கவால் குரங்கும் இருவாச்சியும் அங்கேதான். பாறைச் சரிவுகளில் வரையாடு.

அந்த உயரத்துக்கு நம்மைப் போன்றவர்கள் நினைத்தபடி ஏறிவிட முடியாது. முடியாமல் இருப்பதே நல்லது என்பது என் எண்ணம். சதுரகிரிக்குத் திரளும் கூட்டத்தையும் அது விட்டுச்செல்லும் நெகிழிக் குப்பையையும் பார்த்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

சென்ற தை மாதம் வனத்துறையின் அனுமதியோடு செண்பகத்தோப்பு ஓடைக்கரையில் ஒரு நாள் நடந்தேன். உடன் வந்தவர் பளியர் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு பெரியவர். தேன் எடுத்துப் பழகிய கால்கள். அவர் நடையின் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. மழை ஓய்ந்து வாரக்கணக்காகியும் ஓடையில் தண்ணீர் தெளிந்து ஓடிக்கொண்டிருந்தது. பெய்ததை மேலே உள்ள காடு வாங்கி வைத்துக்கொண்டு, மெல்ல மெல்லக் கீழே விடுகிறது. தெற்கே அய்யனார்கோயில் பக்கமும் இதே கதைதான். அங்கே இறங்கும் தண்ணீர்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தேங்கி, ராஜபாளையத்தின் குழாய்களுக்குப் போகிறது. மழைக்காட்டைக் கண்ணால் காணாதவனும் அதைக் குடித்திருக்கிறான்.

ஒரு நீர்மருதின் கீழ் பெரியவர் நின்றார். "சார், சத்தம் போடாம மேல பாருங்க" என்றார். முதலில் இலைதான் தெரிந்தது. பிறகு கிளையோரம் தொங்கிய ஒரு நீண்ட வால். முதுகில் நரைமுடி கலந்த சாம்பல் நிறம். நம் வீட்டு அணிலைப் போலப் பல மடங்கு உடல். எங்களைக் கண்டதும் ஒரு கணம் உறைந்து, அடுத்த கணம் பக்கத்து மரத்துக்குத் தாவியது. அங்கிருந்து ஒரு புளிக்கு. தரையை அது ஒருமுறையும் தொடவில்லை.

இந்தச் சாம்பல்நிற அணிலுக்காகத்தான் 1988இல் இங்கே சரணாலயம் அமைந்தது. புலி வந்து சேர்ந்துகொண்டது பின்னால்தான். தென்னிந்தியாவில் சில இடங்களிலும் இலங்கையிலும் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. மேல்காட்டில் செம்பழுப்பும் கருமையுமாகத் திரியும் மலையணில் வேறு. அது இதனினும் பெரியது. இதற்குப் பிடித்த இடம் அடிவாரத்து ஓடைக்கரைகள். மரமுடிகள் ஒன்றோடொன்று உரசும் இடமாகத் தேர்ந்து கூடு கட்டும், ஆபத்து வந்தால் எந்தத் திசையிலும் தப்பிப்பதற்காக. நடுவே ஒரு மரம் போனால் அதற்கு வழி போயிற்று. இறங்கி ஓட நேர்ந்தால் நாய்கள் இருக்கின்றன.

"இதுக்கு எல்லை கிடையாது சார். ஆபீசர் கல்லு நட்டிருக்காங்க, அதுக்குத் தெரியுமா? பட்டா தோப்புலயும் கூடு இருக்கு" என்றார் பெரியவர்.

எனக்குச் சுருக்கென்றது. ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடியில், என் தாய்மாமாவுக்கு ஒரு மாந்தோப்பு உண்டு. சப்பட்டையும் பஞ்சவர்ணமும் காய்க்கும் பழைய மரங்கள். அவற்றை வெட்டித் தென்னை வைக்கப் போவதாகப் பொங்கலன்றுதான் சொல்லியிருந்தார். மா ஒரு வருடம் காய்த்தால் மறு வருடம் ஏமாற்றும், பறிகூலி ஏறிவிட்டது, குத்தகைக்காரர் விலையைக் குறைத்துக்கொண்டே போகிறார், போதாக்குறைக்கு யானை வேறு. அவர் கணக்கில் பிழை எதுவும் இல்லை.

மறுநாள் தோப்புக்குப் போனேன். மேற்கு வரப்பையொட்டி ஓடை. கரையில் ஏழு மரங்கள் கிளை கோத்து நின்றன. மூன்றாவது மரத்தின் உச்சிக் கவையில் சுள்ளியும் இலையுமாய் ஒரு பெரிய உருண்டை.

"இந்த ஏழையும் மட்டும் விட்டுடுங்க மாமா."

"நட்டத்தை யாரு குடுப்பா மாப்ளே? உங்க அணிலா?"

ஏழு மரத்தின் குத்தகைப் பணத்தை ஆண்டுதோறும் நான் தருகிறேன் என்றேன். அவர் முகம் கறுத்தது. "எந்தோப்புக்கு நீ குத்தகைக்காரனா?" என்று கேட்டுவிட்டு, மோட்டார் அறைப் பக்கம் போய்விட்டார். அத்தைதான் சமாதானமாக மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

காட்டைக் காப்பது பற்றி நகரத்திலிருந்து பேசுவது எளிது. சரணாலயத்தின் எல்லைக்கு வெளியே அந்த அணிலுக்கு இடம் கொடுத்திருப்பது மாமாவைப் போன்ற தோப்புக்காரர்கள். கடித்துப்போட்ட காய்க்கு அவர்கள் யாரிடமும் கணக்குக் கேட்டதில்லை. அவர்களிடம் வேண்டுகோள் வைக்கலாமே தவிர, அறம் உரைக்க எனக்கு வாய் வரவில்லை.

மகசூல் முடிந்ததும் ஆடியில் கோடாரி வந்தது. கிழக்கு வரிசைகள் சாய்ந்து, குழி எடுத்துத் தென்னங்கன்று வைத்தாயிற்று. ஓடைக்கரை ஏழும் நிற்கின்றன. ஏன் விட்டார் என்று மாமா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த வருடமும் நிற்கும் என்பதற்கு உறுதி எதுவும் கிடையாது.

சென்ற வாரம் தொலைபேசியில் அவரே பேச்சை எடுத்தார். வீட்டருகே உள்ள பழைய தென்னையில் ஏறி அணில் குரும்பையைக் கடித்துப் போடுகிறதாம். குரலில் கோபம் இருந்தது. ஆனால் அது எந்தக் கூட்டிலிருந்து இறங்கியது, எந்தக் கிளை வழியாக வந்தது, காலையில் எத்தனை மணிக்கு வந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.