இரண்டு சம்பங்கி மாலையும் ஒரு தேதியும்

பூந்தமல்லி

மதிப்பிற்குரிய சார்,

உங்கள் பெயரைப் போடாமல்தான் எழுதுகிறேன். "பேரு எதுக்கும்மா, விஷயத்தை எழுது" என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். நேரில் வந்து சொல்ல வேண்டிய நன்றியை ஊரறிய எழுதுவதற்குக் காரணம், என் தொழிலில் இருக்கும் மற்றவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்ற ஆசை. அச்சுக்குப் போகும் முன் உங்களுக்குத்தான் அனுப்புகிறேன். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் உங்கள் என்விடிஏ மென்பொருள் படிக்கக் கேட்டுவிட்டு, நான் ஏதாவது கூட்டிச் சொல்லியிருந்தால் திருத்துங்கள்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனால் படிப்பவர்களுக்குத் தெரியாது. நான் பிளகின் எழுதி விற்கிறேன். அகராதியில் செருகுநிரல் என்று இருக்கும். உலகத்து இணையதளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருளில் ஓடுகின்றன. 2004-இல் வந்த அதன் 1.2 பதிப்பில், வெளியாள் எழுதிய துண்டு நிரலையும் மாட்டிக்கொள்ளக் கொக்கி வைத்தார்கள். வீடு கட்டும்போதே, பின்னால் யாரோ ஊஞ்சல் கட்டுவார்கள் என்று உத்தரத்தில் வளையம் வைப்பது போல. அந்த வளையத்தில் கயிறு கட்டித்தான் நானும் என்னைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களும் பிழைக்கிறோம். 2011-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து வூகாமர்ஸ் வந்தது. அதுவும் ஒரு பிளகின்தான். தெருமுனைக் கடைக்காரரும் இணையத்தில் கடை போடலாம் என்று ஆனது அதன் பிறகு. கடை போட்டவருக்கு ஒவ்வொரு தேவையாக முளைக்கும்: தள்ளுபடி, பில், டெலிவரி தேதி. ஒவ்வொரு தேவைக்கும் ஒரு பிளகின், அதற்குப் பின்னால் ஒரு சின்ன கம்பெனி. கோவையின் ஃப்ளைகார்ட் தள்ளுபடி பிளகினுக்காகவும், நெல்லையின் ஸ்மாக்கோடர்ஸ் தரவை ஏற்றி இறக்கும் பிளகினுக்காகவும் வெளிநாட்டில் அறியப்பட்டவை. அவர்களைப் பார்த்துத்தான் 2019-இல் அம்பத்தூர் வேலையை விட்டுவிட்டு, பூந்தமல்லி கரையான்சாவடி வீட்டு மாடியறையில் உட்கார்ந்தேன்.

நான் எடுத்துக்கொண்டது டெலிவரி தேதி. வாடிக்கையாளர் பணம் கட்டும் பக்கத்தில் எந்த நாள், எந்த நேரம் என்று தேர்ந்தெடுக்கும் வசதி. இலவசப் பதிப்பை வேர்ட்பிரஸ்ஸின் பொதுக் களஞ்சியத்தில் வைப்பது, கூடுதல் வசதிகளோடு கூடியதை ஆண்டுச் சந்தாவுக்கு விற்பது. இந்தத் தொழிலில் எல்லோரும் போகும் வழி இதுதான். களஞ்சியத்தில் ஏற்றுமுன் தன்னார்வலர்கள் நிரலைப் படித்துப் பார்க்கிறார்கள். முதல் முறை என்னுடையதைத் திருப்பி அனுப்பினார்கள், வெளியிலிருந்து வரும் உள்ளீட்டைச் சுத்தம் செய்யாமல் அப்படியே எடுத்துக்கொள்கிறாய் என்று. முகம் தெரியாத அவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் எழுதுவதால் என் நிரலை யார் வேண்டுமானாலும் நகலெடுத்துக் கொடுக்கலாம். ஆகவே நான் விற்பது உண்மையில் நிரலை இல்லை. அடுத்த ஆண்டும் அது ஓடும் என்ற உறுதியையும், மெயில் போட்டால் பதில் வரும் என்ற நம்பிக்கையையும் விற்கிறேன். சந்தாவைப் புதுப்பிக்கிறவர்கள் இருந்தால்தான் பிழைப்பு.

உள்ளூரில் என் முதல் வாடிக்கையாளர் டிரங்க் ரோடு பக்கம் மாலை கட்டி விற்கும் அண்ணன். திருக்கச்சி நம்பிகள் நந்தவனம் வைத்துக் காஞ்சி வரதருக்குப் பூக்கொண்டு போன ஊர் இது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது பூவெல்லாம் கோயம்பேட்டிலிருந்து வருகிறது, ஆனால் கட்டுகிற கை இங்கேதான் இருக்கிறது. கொரோனா காலத்தில் அவருக்கு ஒரு இணையக் கடை போட்டுக் கொடுத்தேன். மாலைக்குத் தேதியும் நேரமும் உயிர். முகூர்த்தம் முடிந்து வரும் மாலையை யார் கழுத்தில் போடுவது? என் பிளகினுக்கு இதைவிடப் பொருத்தமான கடை கிடையாது என்று பெருமையாக இருந்தேன்.

2022 தை மாதக் கடைசியில் ஒரு காலையில் அண்ணன் போன் செய்தார். "கண்ணு தெரியாத ஒரு சார் வந்திருக்காரும்மா. நம்ம சைட்ல தேதி போடவே முடியலையாம். ராத்திரி முக்கால் மணி நேரம் உக்காந்து பாத்தாராம்." அந்த சார் நீங்கள்தான். உங்களிடம் படித்த இரண்டு பேருக்குக் கல்யாணம், இருவருமே பார்வை மாற்றுத்திறனாளிகள். இரண்டு சம்பங்கி மாலையை உங்கள் கையால் வாங்கிக் கொடுக்க ஆசைப்பட்டிருக்கிறீர்கள். அன்று சாயங்காலமே உங்கள் வீட்டுக்கு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நான் கேட்டது இன்றைக்கும் என் காதில் நிற்கிறது: "போன் பண்ணியே சொல்லியிருக்கலாமே சார்?"

நீங்கள் கோபப்படவில்லை. "நீ போன்லயாம்மா வாங்குற?" என்று மட்டும் கேட்டீர்கள்.

பிறகு லேப்டாப்பைத் திறந்தீர்கள். திரை கறுப்பாக இருந்தது. சார்ஜ் இல்லையோ என்று நினைத்தேன். "எனக்கு எதுக்கும்மா வெளிச்சம்? கரண்டு மிச்சம். பக்கத்துல உக்காந்தவங்க என் மெயிலைப் படிக்கவும் முடியாது." அதற்குள் என்விடிஏவின் குரல் ஓட ஆரம்பித்துவிட்டது, ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்தில். எனக்காக வேகத்தைப் பாதியாகக் குறைத்தீர்கள். நான் எழுதிய பக்கத்தை நான் பார்க்க முடியாமல், காதால் மட்டும் கேட்டது அன்றைக்குத்தான்.

டேப் விசையை அழுத்தினீர்கள். பெயர், முகவரி, தொலைபேசி எல்லாம் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டே வந்தது. அடுத்த டேப். "டெலிவரி டேட். எடிட். ரீட் ஒன்லி. பிளாங்க்." எழுதும் இடம், ஆனால் எழுத முடியாது, காலியாக இருக்கிறது. தப்பான தேதியை யாரும் தட்டச்சு செய்துவிடக் கூடாது என்று நான்தான் பூட்டு போட்டிருந்தேன். அதன்மேல் மவுஸால் தொட்டால் அழகான நாட்காட்டி விரியும். வேர்ட்பிரஸ்ஸோடு கூடவே வரும் ஜேக்வெரி நாட்காட்டி அது, கட்டம் கட்டமாக, மூடிய நாட்கள் சாம்பல் நிறத்தில். அந்த நேரத்திலும் அது திரையில் விரிந்துதான் இருந்திருக்கும். குரல் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அடுத்த டேப் நேராக ஆர்டர் பட்டனுக்குப் போய்விட்டது. என்ட்டர் தட்டினீர்கள். அமைதி. மறுபடியும் தட்டினீர்கள். அமைதி.

"இதான். அமுக்குறேன், அமுக்குறேன், ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது."

தேதி போடாவிட்டால் பக்கத்தின் தலையில் சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி வரும்படி எழுதியிருந்தேன். சிவப்பாகப் போட்டால் போதும் என்று நினைத்தவள் நான். வந்த செய்தியைக் குரலுக்குத் தெரியப்படுத்த ஒரே ஒரு வரி வேண்டும். அந்த வரியை நான் எழுதவில்லை. மூன்று ஆண்டுகளில் அந்தப் பிளகினுக்கு எத்தனையோ வசதிகள் சேர்த்திருந்தேன், நாட்காட்டிக்கு வண்ணம் மாற்ற மட்டும் ஒரு முழுப் பக்கம் அமைப்புகள். உங்கள் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தபோது அத்தனையும் கரைந்து போனது.

வீடு என்று பார்த்தால் நமக்கிடையே ஒரு கிலோமீட்டர் தூரம்கூட இல்லை. பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான அரசுப் பள்ளியும், டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இருக்கிற ஊர் நம் ஊர். பேருந்து நிலையத்தில், பழக்கடையில், வெள்ளைக் கோல் தட்டும் சத்தம் கேட்காத நாளில்லை. சின்ன வயதில் எத்தனை பேரைக் கைபிடித்து ரோடு தாண்ட வைத்திருக்கிறேன்! அவர்களில் ஒருவர் என் பக்கத்தில் மாலை வாங்க வருவார் என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை? இன்னும் இதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை சார்.

நாட்காட்டியை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் சாதாரணப் பட்டியல்: அடுத்து வரும் நாட்கள் ஒவ்வொன்றும் ஒரு வரி, மூடிய நாள் பட்டியலிலேயே வராது. அம்பு விசையால் இறங்கிக்கொண்டே போகலாம். பிழை வந்தால் குரல் உடனே சொல்லும், கர்சரும் பிழை உள்ள இடத்துக்கே போய் நிற்கும். இரண்டு வாரத்து வேலை. நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. "தேதி செலக்ட் ஆகலை" என்று வயதானவர்களிடமிருந்து கடைகளுக்கு வரும் புகார்கள், கடைகளிலிருந்து எனக்கு வரும் மெயில்கள், குறைய ஆரம்பித்தன. கைப்பேசியில் அந்தக் குட்டிக் கட்டத்தை விரலால் தொட முடியாமல் திண்டாடியவர்கள் அவர்கள். நல்ல கண் உள்ளவர்கள்தான், சொல்லத் தெரியாமல் கடையை விட்டுப் போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அடுத்த பதிப்பையும் பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டு வந்தபோது நீங்கள் சொன்னதைத்தான் நான் தொழில் பாடம் என்று எழுதி வைத்திருக்கிறேன். "சும்மா பார்த்துக் குடுங்கன்னு எங்க யாரையும் கேக்காதம்மா. கண்ணு தெரிஞ்சவன் டெஸ்ட் பண்ணா சம்பளம், நாங்க பண்ணா சேவையா?" உங்களுக்குப் பணம் வேண்டாம் என்றீர்கள். உங்கள் பழைய மாணவர்கள் இருவரைச் சொன்னீர்கள். ஒருவருக்கு முழுவதும் பார்வை இல்லை, இன்னொருவருக்குக் குறைபார்வை. இன்று வரை எந்தப் பதிப்பும் அவர்கள் கையைத் தாண்டாமல் வெளியே போனதில்லை, மணிக்கணக்கில் கூலியோடு. வெள்ளைப் பின்னணியில் நான் ஆசையாக வைத்திருந்த வெளிர்சாம்பல் எழுத்தை மாற்ற வைத்தவர் அந்தக் குறைபார்வைத் தம்பி. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்பது உலகத் தரம். அந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான்.

நடுவில் ஒரு சபலம் வந்ததையும் சொல்லிவிடுகிறேன். எந்தத் தளத்தையும் ஒரே வரி நிரலில் எல்லோருக்கும் ஏற்றதாக மாற்றிவிடும் என்று சொல்லி, ஓரத்தில் பொம்மை ஐகான் வைக்கும் விட்ஜெட் வகை ஒன்று சந்தையில் உண்டு. நாமும் ஒன்று செய்து விற்கலாம், நல்ல காசு என்று நண்பர்கள் சொன்னார்கள். உங்களிடம் கேட்டேன். "அந்தப் பொம்மை வந்தாலே நான் சைட்டை மூடிடுவேன். என் ஸ்கிரீன் ரீடரோட அது சண்டைக்கு நிக்கும்" என்றீர்கள். விட்டுவிட்டேன். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபெடரல் வர்த்தக ஆணையம், இந்த வகையில் பெயர்பெற்ற ஆக்ஸஸிபி நிறுவனம் தன் விட்ஜெட்டைப் பற்றி மிகையாகச் சொல்லி விற்றதாகக் குற்றம்சாட்டி, 10 லட்சம் டாலர் கட்ட வைக்கும் உத்தரவை அறிவித்தது. செய்தியைப் படித்ததும் உங்களுக்குத்தான் போன் செய்தேன்.

அதே ஆண்டு ஜூன் 28 முதல் ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மிகச் சிறிய சேவை நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு, மற்றபடி அங்கே பொதுமக்களுக்கு விற்கும் இணையக் கடைகள் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இருந்தாக வேண்டும். அதற்கு முந்தைய மாதங்களில் அங்கிருந்து வந்த மெயில்களில் ஒரே கேள்வி: உங்கள் தேதிப் பெட்டி விசைப்பலகையில் இயங்குமா, திரைவாசிப்பானில் படிக்குமா? என்னால் உண்மையாகப் பதில் எழுத முடிந்தது. எது சரியாக இருக்கிறது, எது இன்னும் சரியாகவில்லை, எந்தத் திரைவாசிப்பானில் யார் சோதித்தார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். கேக் கடைக்காரர்கள், பூக்கடைக்காரர்கள், அவர்களுக்குத் தளம் கட்டித் தரும் ஏஜென்சிகள் வாங்கினார்கள், மறு ஆண்டு புதுப்பித்தார்கள். மாடியறை போதாமல் இப்போது கீழே ஒரு போர்ஷன் எடுத்திருக்கிறோம். ஏப்ரல் வந்தால் ஏற்றுமதிக்கான எல்.யு.டி. என்ற ஜிஎஸ்டி உறுதிமொழி போட ஆடிட்டரிடம் போய் நிற்கிறேன். விளம்பரத்துக்கு நான் பெரிதாகச் செலவழித்ததில்லை. அந்தப் பதில்களை எழுத வைத்தது உங்கள் கறுப்புத் திரை.

நம் நாட்டிலும் 2025 ஏப்ரல் 30 அன்று, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை நீங்கள் உட்கார்ந்து முழுவதும் கேட்டதாகச் சொன்னீர்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த அளவுக்கு உள்ளூர்க் கடைகளிலிருந்து இந்தக் கேள்வி எனக்கு இன்னும் வரவில்லை. ஆனாலும் கேட்காதவர்களுக்கும் அதே பதிப்பைத்தான் கொடுக்கிறேன். இலவசப் பதிப்பிலும் இதெல்லாம் உண்டு. பணம் கட்டினால்தான் படிக்கும் என்று வைக்க மனம் வரவில்லை.

நீங்கள் தினமும் கேட்கும் அந்த என்விடிஏவும் அப்படிக் கிடைத்ததுதானே. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டே என்ற இரண்டு பார்வையற்ற இளைஞர்கள் 2006 வாக்கில் தொடங்கியது, இன்றுவரை இலவசமாகவே கிடைக்கிறது. அதற்கும் ஆட்-ஆன்கள் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று நீங்கள் சொன்ன அன்று, என் தொழிலுக்குத் தூரத்து உறவு ஒன்று கிடைத்த மாதிரி இருந்தது.

மாலை அண்ணன் உங்களை விசாரித்தார். அன்று நேரில் சொல்லிவிட்டுப் போன அந்த இரண்டு சம்பங்கி மாலையும் முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்ததை இன்னும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன முறை நீங்கள் சொன்னதைச் செய்து முடித்துவிட்டேன். பட்டியலில் "டெலிவரி செய்ய வேண்டிய தேதி" என்று ஒவ்வொரு வரிக்கும் முன்னால் வந்ததை எடுத்துவிட்டேன், கிழமை முதலில் வரும். "வியாழன்" என்று சொல்ல ஆரம்பித்ததுமே வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்துவிடும், முழுவதும் கேட்டுக் காத்திருக்க வேண்டாம். நேரம் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் எனக்கு இன்னும் திருப்தி இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன் சார். திரையை அணைத்தே வைத்திருங்கள்.


கரையான்சாவடியிலிருந்து,
தேதிப் பெட்டி எழுதும் பெண்