பரிசீலனையில் உள்ளது

நம் அலுவலகங்களில் ஓய்வே இல்லாமல் உழைக்கிற வார்த்தை எது தெரியுமா? ‘பரிசீலனையில் உள்ளது.’

தியாகதுருகத்தில் இருக்கும் என் சித்தப்பாவின் கதையைக் கேளுங்கள். நிலம் இன்னும் தாத்தா பெயரில். தாத்தாவின் பத்திரத்தில் தென்னாற்காடு மாவட்டம், 1993-க்குப் பிறகு கட்டிய வரி ரசீதுகளில் விழுப்புரம், சித்தப்பா கொடுத்த மனுவில் கள்ளக்குறிச்சி. ஊர் நகரவே இல்லை, மாவட்டம்தான் மூன்று! பட்டா மாறினால்தான் பயிர்க்கடன். மூன்றாம் மாதம் போய்க் கேட்டார்: பரிசீலனையில். ஏழாம் மாதமும் பரிசீலனையில். பொய் என்று சொல்லவும் முடியாது.

சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் அக்கா மகனிடம் சொன்னேன். சிரித்தான். “எங்க ஆபீஸ்லயும் இதே கதைதான் மாமா. ஒவ்வொரு பிழைக்கும் ஒரு டிக்கெட் போடுவோம். இப்ப என்ன நிலைன்னு மட்டும் பார்த்தா ஒண்ணும் புரியாது. எப்படி மாறி மாறி வந்துச்சுன்னு தேடணும்.”

அதற்கு அவர்கள் வைத்திருக்கும் மென்பொருள் ஜிரா. ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் கம்பெனி 2002-ல் வெளியிட்டது. அதன் தேடலில் ‘வாஸ்’, ‘சேஞ்ச்டு’ என்று இரண்டு சொற்கள். முதலாவதைப் போட்டால், ஜூன் 1-ம் தேதி திறந்தே கிடந்தவை எவை என்று காட்டும். இரண்டாவது, ‘முடிந்தது’ என்று மூடிவிட்டு மறுபடி திறந்தவற்றைப் பிடித்துக் கொடுக்கும். எப்போது, யார் மாற்றியது என்றும் கேட்கலாம். ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு, பெயரோடு பதிவாகிறதே!

அரசாங்கக் கோப்பிலும் அப்படித்தானே? அதைத் தேடிப் பார்க்க நமக்கும் ஒரு வழி இருக்கிறது: 2005-ம் வருடத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். கட்டணம் பத்து ரூபாய். ‘என் பட்டா என்ன ஆச்சு?’ என்று எழுதினால் பழைய பல்லவிதான் வரும். சித்தப்பா இப்படிக் கேட்டார்: என் மனு எந்தத் தேதியில் எந்த அதிகாரியிடம் போனது? அவரிடம் எத்தனை நாள் இருந்தது? கோப்பில் அவர் எழுதிய குறிப்பின் நகல் வேண்டும்.

முப்பது நாளில் பதில் தரவேண்டும் என்பது சட்டம். வந்தது. ஒரே மேஜையில் நாலரை மாதம்! குறிப்பில் ஒரே வரி: ‘வாரிசுச் சான்று இணைக்கப்படவில்லை.’ அந்த ஒரு வரியை யாராவது அவரிடம் வாயால் சொல்லியிருந்தால், அந்த வருட நடவுக்கு வெளியே வட்டிக்கு வாங்கியிருக்க மாட்டார்.

உங்கள் மனுவும் எங்காவது ‘பரிசீலனையில்’ இருக்கிறதா? ‘என்ன ஆச்சு?’ என்று கேட்காதீர்கள். ‘எப்போது, யாரிடம்?’ என்று கேளுங்கள்.