ஜீப்புக்கு நாலு ஷாக் அப்சர்பர்

எங்கள் வீட்டு ஜீப்பைப் பற்றி இங்கே முன்பே இரண்டு முறை எழுதியிருக்கிறேன். ஒரு அரசு அலுவலகம் ஏலம் விட்டபோது 1998-இல் எடுத்த மகிந்திரா எம்.எம்.540. பெயர் மகிந்திரா என்றாலும் உள்ளே இருப்பது பெஜோ கம்பெனியின் எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் எஞ்சின். நாலு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம், அதனால்தான் 4.90. ஊரில் மற்றவர்கள் 'பியூஜியாட்' என்பார்கள். பிரெஞ்சு மீடியத்தில் படித்த நான் 'பெஜோ' என்று திருத்துவேன். என் மனைவிக்கு அது எரிச்சல். "வண்டி ஓடுதா, அதைப் பாருங்க. பேரு எப்படி இருந்தா என்ன?" என்பாள்.

இன்று எஞ்சினைப் பற்றி எழுதவில்லை. ஷாக் அப்சர்பரைப் பற்றி எழுதப் போகிறேன். இதில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் இருக்கிறது.

பாகூர் ஏரிக்கரையை ஒட்டிப் போனால் என் மாமனார் விட்டுப்போன நிலம் வரும். ஒன்றேகால் காணி நெல் வயலும் பத்துப் பன்னிரண்டு தென்னையும். 2011 டிசம்பரில் தானே புயலில் பாதித் தென்னை போய்விட்டது. என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், பிரெஞ்சு ராணுவத்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்று தூலோனில் இருக்கிறார். 2024 கடைசியில் ஃபெஞ்சல் புயல் அடித்து, சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்து பாகூர் பக்கத்து ஊர்களைச் சூழ்ந்துகொண்டதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு போன் செய்தார். "இனிமே யாரு மாப்ளே அந்த நிலத்தைப் பார்க்கறது? வித்துடலாம். தங்கச்சிகிட்ட ஒரு கையெழுத்து மட்டும் வாங்குங்க" என்றார்.

"நிலத்தைப் பார்க்காம கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள் என் மனைவி.

சரி, போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றால், ஏரிக்கரை வழி வெள்ளத்துக்குப் பிறகு கார் போகும்படி இல்லை. ஜீப்தான் போகும். அந்த ஜீப்பில் என் மனைவி ஏறிப் பதினோரு வருஷம் ஆகிறது. ஏன் என்று சொல்ல வேண்டும். இதுவரை நான் இங்கே எழுதாத விஷயம் அது.

2013 ஐப்பசியில் நாற்று பார்க்கப் போயிருந்தோம். முன் ஸீட்டில் என் பக்கத்தில் அவளுடைய சித்தி. பெரியவர்கள் என்பதால் அவர்களை முன்னால் உட்கார வைத்துவிட்டு, இவள் பின்னால் பக்கவாட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். ஜீப்பில் அதைவிட மோசமான இடம் கிடையாது. பின் அச்சுக்கு நேர் மேலே இருக்கும் இடம் அது. மதகுக்குப் பக்கத்தில் கரை உள்வாங்கியிருந்ததை நான் கவனிக்கவில்லை. வண்டி இறங்கியது, எழும்பியது. எழும்பியபோது அவள் தூக்கி எறியப்பட்டு, பெஞ்சின் இரும்பு விளிம்பில் விழுந்தாள். இடுப்பெலும்பில் விரிசல். மூன்று மாதம் படுக்கை. இன்றும் மழைக்காலத்தில் வலிக்கிறது.

எல்லோரும் பள்ளத்தைத்தான் குறை சொன்னார்கள். நானும் அதையே சொல்லிக்கொண்டேன். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பே முதலியார்பேட்டை மெக்கானிக் பாய் வண்டியின் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, "சார், பின்னாடி ரெண்டு ஷாக்கும் ஆயில் கக்கியிருக்கு. மாத்திடுங்க" என்று சொல்லியிருந்தார். "அடுத்த மாசம் பார்க்கலாம் பாய்" என்றேன். முப்பத்தெட்டு வருஷம் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தவன். எந்தச் செலவையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளுவது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. இதை நான் அவளிடம் சொல்லவே இல்லை.

ஷாக் அப்சர்பர் என்ற ஆங்கிலப் பெயரே சரியில்லை என்பது என் கட்சி. அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது பட்டை ஸ்பிரிங். ஆனால் ஸ்பிரிங் வாங்கியதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது, திருப்பி எறியும். அந்தத் திருப்பி எறிதலை அடக்குவதுதான் இந்தக் குழாயின் வேலை. உள்ளே எண்ணெய், நடுவில் சிறு துளைகள் போட்ட பிஸ்டன். பிஸ்டன் எண்ணெய்க்குள் சிரமப்பட்டு நகரும்போது, ஆட்டத்தின் வேகம் சூடாக மாறிக் காற்றில் போய்விடும். அழுத்தும்போது குறைவாகவும் நீளும்போது அதிகமாகவும் தடுக்கும்படி அமைத்திருப்பார்கள். எண்ணெய் ஒழுகிப்போனால் தடுக்க ஆளில்லை. அன்று என் மனைவியைத் தூக்கி எறிந்தது பள்ளம் அல்ல, தடுப்பாரில்லாமல் திரும்பி எழுந்த ஸ்பிரிங்.

பிரெஞ்சில் இதற்கு 'அமோர்த்திஸேர்' என்று பெயர். 'அமோர்த்தீர்' என்றால் சத்தத்தையோ அடியையோ செத்துப்போகச் செய்வது. சாவு என்ற சொல்லே அதற்குள் இருக்கிறது. அதே சொல் கணக்கிலும் உண்டு: கடனைத் தவணை தவணையாகத் தீர்ப்பதும் 'அமோர்த்தீர்'தான். சின்ன வயதில் கடன் கணக்கு போடும்போது இந்தச் சொல்லைப் படித்தேன். ஜீப்புக்கு அடியில் மறுபடி சந்திப்பேன் என்று நினைக்கவில்லை.

விபத்துக்குப் பிறகு ஒழுகிய இரண்டையும் கழற்றி, ஒரு பட்டறையில் எண்ணெய் மாற்றி 'ரீகண்டிஷன்' செய்து போட்டேன். ஆறு மாதத்தில் மறுபடி ஒழுகல். அதன் பிறகு ஜீப் பெரும்பாலும் மாமரத்தடியில்தான் நின்றது.

இந்த முறை தள்ளிப்போடக் கூடாது என்று உட்கார்ந்தேன். யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? மச்சான் தூலோனிலிருந்து, "கேஸ் ஷாக் போடுங்க மாப்ளே. மோனோ ட்யூப். நான் அனுப்பறேன்" என்றார். ஒற்றைக் குழாய்க்குள் எண்ணெயையும் உயர் அழுத்த நைட்ரஜனையும் ஒரு மிதக்கும் பிஸ்டனால் பிரித்து வைக்கும் அந்த முறையைக் கொண்டுவந்தவர் புர்சியே த கர்போன் என்ற பிரெஞ்சு இன்ஜினீயர். அவர் காப்புரிமையை வைத்துத்தான் ஜெர்மனியின் பில்ஸ்டைன் கம்பெனி 1950-களில் மெர்சிடிஸ் கார்களுக்குச் செய்து கொடுத்தது. மச்சானுக்கு அதில் பெருமை. பெங்களூரில் இருக்கும் என் மகனோ, ஒன்பது விதமாகத் திருகி வைத்துக்கொள்ளும் அமெரிக்க ராஞ்சோ ஷாக்கின் படத்தை அனுப்பினான். விலையைப் பார்த்தேன். நாலுக்குமாகச் சேர்த்தால் என் இரண்டு மாதப் பென்ஷன்.

விலைக்காக நான் மறுக்கவில்லை. ஒருநாள் முழுக்க யோசித்தேன். கேஸ் ஷாக்கின் பெரிய குணம், வேகமாக நெடுநேரம் குலுங்கி ஓடும்போது எண்ணெய் சூடேறிக் காற்றோடு கலந்து நுரைக்காமல் இருப்பது. பாலைவனப் பந்தயத்துக்கு அது வேண்டும். நான் ஏரிக்கரையில் போவது பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில். நுரைக்க நேரம் ஏது? மேலும் ஒற்றைக் குழாயில் ஒரு கல் தெறித்துப் பள்ளம் விழுந்தால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இரட்டைக் குழாயில் வெளிக்குழாய் நசுங்கினாலும் உள்குழாய் பெரும்பாலும் தப்பும். எல்லாவற்றுக்கும் மேலாக, கனமான வண்டிக்காக விறைப்பாகச் செய்ததை என் லேசான ஜீப்பில் மாட்டினால் பார்க்க அழகாக இருக்கும், அவள் முதுகுக்கு ஆகாது.

பாயிடம் போனேன். அவருக்கும் வயதாகிவிட்டது. இப்போது மகன்தான் கீழே படுக்கிறான், இவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்கிறார். "ஷாக் வாங்கறது கடைசியில சார். மொதல்ல பட்டையைப் பார்ப்போம்."

பார்த்தால், நெல் மூட்டை ஏற்றுவதற்காக ஒரு காலத்தில் நானே பின்பக்கம் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டிருக்கிறேன். மறந்தே போயிற்று. பட்டைகளுக்கு நடுவே துரு ஏறி, ஒன்றோடொன்று ஒட்டிப் பலகை மாதிரி கிடந்தது. ஸ்பிரிங்கே வளையாதபோது எந்த நாட்டு ஷாக் போட்டு என்ன பயன்? இரண்டு பட்டைகளை எடுத்துவிட்டு, மீதியைத் தேய்த்து கிராபைட் கிரீஸ் தடவி அடுக்கினார்கள்.

இரண்டாவது விஷயம்தான் என்னை உலுக்கியது. மகன் காலேஜில் படித்தபோது, வண்டி உயரமாக நின்றால் கெத்து என்று ஷேக்கிளை ஆறு சென்டிமீட்டர் நீளமாக மாற்றியிருந்தான். நானும் சரி என்றேன். ஷேக்கிளை எவ்வளவு நீட்டுகிறோமோ அதில் ஏறக்குறைய பாதி வண்டி உயரும். ஆக மூன்று சென்டிமீட்டர். பாயின் மகன் சட்டத்தில் ஜாக்கி கொடுத்துச் சக்கரங்களைத் தொங்கவிட்டான். பழைய ஷாக்கைக் கழற்றிவிட்டு, மேல் பின்னுக்கும் கீழ்ப் பின்னுக்கும் இடையே நானே டேப் பிடித்து அளந்தேன். 48 சென்டிமீட்டர். பழைய ஷாக்கை முழுக்க இழுத்தால் 46-தான். அதாவது ஒவ்வொரு பெரிய பள்ளத்திலும் சக்கரம் தொங்கும்போது, அச்சின் மொத்தக் கனத்தையும் இந்தக் குழாய்தான் தாங்கியிருக்கிறது. புஷ் கிழிந்து, ஸீல் பிய்ந்து, எண்ணெய் கக்காமல் என்ன செய்யும்? ரீகண்டிஷன் செய்த பட்டறைக்காரரை இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தேனே, அவர்மேல் தப்பே இல்லை.

மகனிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "பழைய ஷேக்கிளையே போட்டுடுங்கப்பா" என்றான்.

பழைய அளவு ஷேக்கிள் போட்ட பிறகு மறுபடி அளந்தோம். சக்கரம் முழுக்கத் தொங்கும்போது 45. அச்சு மேலேறி ரப்பர் கட்டையில் முட்டும்போது 31. ஆகவே வாங்கும் ஷாக் முழுக்க நீண்டால் 45-ஐத் தாண்ட வேண்டும், முழுக்கச் சுருங்கினால் 31-க்குக் குறைய வேண்டும். இரண்டு பக்கமும் ஷாக் முட்டுவதற்கு முன் வேறொன்று முட்ட வேண்டும் என்பதுதான் விதி. இதைப் பார்க்காமல் கடையில் போய் "ஜீப்புக்கு ஒரு செட் குடுங்க" என்று கேட்பதால்தான் பாதிப் பேருக்கு வருஷத்துக்கு ஒரு ஷாக் போகிறது. நான் டேப்பையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மூன்று பெட்டிகளைப் பிரிக்கச் சொல்லி அளந்தேன். கடைக்காரப் பையன் முகம் சுளித்தான். மூன்றாவது பெட்டியில் 28-க்கு 46 இருந்தது. சாதாரண இரட்டைக் குழாய் எண்ணெய் ஷாக், கண்ணும் புஷ்ஷும் உள்ள அதே பழைய வகை. முன்பக்கத்துக்கும் அளந்து ஒரு ஜோடி. எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஒரு பக்கம் புதுசும் ஒரு பக்கம் பழசும் போட்டால் வண்டி கோணலாகக் குதிக்கும்.

மாட்டுவதற்கு முன் பாய் ஒவ்வொன்றையும் நிமிர்த்தி வைத்து ஐந்தாறு முறை அழுத்தி இழுத்தார். பெட்டியில் படுத்துக் கிடந்ததில் உள்குழாய்க்குள் போன காற்று வெளியேற வேண்டுமாம். நட்டுகளையும் வண்டி சக்கரத்தில் நின்ற பிறகுதான் கடைசியாக முறுக்கவிட்டார். மிஞ்சிய பணத்தில் முன் ஸீட்டுக்கு நல்ல நுரை மெத்தை தைத்தேன்.

புறப்படுவதற்கு முதல் நாள் இரவு, 2013-இல் பாய் சொன்னதை அவளிடம் சொன்னேன். பத்து நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. பாய் சொன்னார், நான் மாற்றவில்லை, அவ்வளவுதான் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும். வண்டியைக் கொண்டாந்து விட வந்தப்பவே பாய் என்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போனாரு."

"அப்ப ஏன் ஏறினே?"

"நீங்கதான் ஓட்டறீங்களேன்னு ஏறினேன்" என்றாள். கீரைத் தண்டை முறித்து முறத்தில் போட்டாள். மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை கிளம்பினோம். கிருமாம்பாக்கம் தாண்டித் திரும்பியதும் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். முன் ஸீட்டில் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மதகு வந்தது. கரை அங்கே இன்னும் மோசமாக இருந்தது. முதல் கியரில் இறக்கினேன். வண்டி இறங்கி, ஒருமுறை மெதுவாக எழுந்து, அப்படியே நின்றது. இரண்டாவது ஆட்டம் இல்லை. அவள் ஒரு கையை எடுத்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

நிலத்தில் மணல் ஏறியிருந்தது. நாலு தென்னை நின்றன. அவள் வரப்பில் மெதுவாக நடந்து கடைசிவரை போய்விட்டு வந்தாள். கையெழுத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மச்சானுக்கு அவளே பேசிக்கொள்வாள்.

அவள் நடந்துகொண்டிருந்தபோது நான் குனிந்து நாலு ஷாக்கையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். வேலை செய்த ஷாக் சூடாக இருக்கும், செத்தது குளிர்ந்து கிடக்கும் என்று பாய் சொல்லியிருந்தார். மூன்று நல்ல வெதுவெதுப்பு. பின்பக்கம் இடது பக்கத்தது மட்டும் கொஞ்சம் குறைவு. ஒழுகல் எதுவும் தெரியவில்லை. ஊர் திரும்பியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே முதலியார்பேட்டைக்கு விட்டேன். கீழ்ப் புஷ் நட்டு தளர்ந்திருந்தது.