கீழிருந்து மேலே

மாவு மில்லைக் கடக்கும்போதெல்லாம், சூடாக அரைபட்டு விழும் கோதுமையின் வாசனை, பெல்ட் தேய்ந்த ரப்பர் நெடியும் கொஞ்சம் கலந்து, என்னைத் திருச்சியில் படித்த கல்லூரி வகுப்பறைக்குக் கொண்டுபோய்விடும், எங்கள் பேராசிரியர் லீனியர் புரோகிராமிங்கை, அதாவது நிபந்தனைகளுக்குள் ஆகக் குறைந்த செலவைத் தேடும் கணக்கை, கோதுமை மாவிலிருந்துதான் தொடங்கினார்.

மேற்கு ஜன்னல் வெயிலில் சாக்பீஸ் தூள் மிதக்க, அவர் சொன்னது பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லரின் கணக்கு: 77 உணவுப் பொருள்கள், 9 சத்துகள், ஒரு மனிதர் ஓராண்டு உயிர்வாழ ஆகக் குறைந்த செலவு என்ன? 1945இல் ஸ்டிக்லர், 1939ஆம் ஆண்டு விலைப்படி, 39.93 டாலர் என்று எழுதினார், அதற்கும் குறைவாக முடியுமா என்று நேரடியாகக் கண்டுபிடிக்க அன்று வழியில்லை என்பதையும் மறைக்கவில்லை. 1947இல் ஜாக் லேடர்மன், கணித அறிஞர் டான்ட்சிக்கின் புதிய சிம்ப்ளெக்ஸ் முறையை வைத்து, ஒன்பது எழுத்தர்கள் கையால் இயக்கும் கணக்குப் பொறிகளில் 120 ஆள்-நாள் உழைக்க, 39.69 டாலருக்குக் கொண்டுவந்தார், கோதுமை மாவு, மாட்டு ஈரல், முட்டைகோஸ், பசலைக்கீரை, வெள்ளை பீன்ஸ், அவ்வளவுதான் சாப்பாடு.

"சரி, 39.68க்கு முடியாதுன்னு யாரு சொன்னா?" என்று கேட்டுவிட்டுப் பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார், அந்த மௌனத்தில் எனக்குத் தாத்தாவின் நெல் மண்டி ஞாபகம் வந்தது. கண்ணாடி ஓட்டு வழியாக இறங்கும் வெளிச்சம் பேரேட்டில் விழும்படி மேசையை நகர்த்திக்கொண்டு, மூக்குப்பொடியும் சாக்கும் மணக்க, மேலிருந்து கீழே கூட்டிய பத்தியை அவர் கீழிருந்து மேலே மறுபடி கூட்டுவார், இரண்டும் ஒத்தால்தான் சிவப்புப் பென்சில் கோடு. "ஒரே வழியில திரும்பக் கூட்டினா, நாக்கு அதே தப்பை அதே எடத்துல சொல்லும்டா" என்பார்.

பேராசிரியர் காட்டிய மறுவழியின் பெயர் டூயல், அதே கணக்கைச் சத்துகளின் விலைப் பக்கமிருந்து பார்ப்பது, தாத்தாவின் வழியைவிடப் பலமானது. ஒவ்வொரு சத்துக்கும் ஒரு நிழல் விலை போட வேண்டும், தேவைக்கு மேல் கிடைத்துவிட்ட புரதம், இரும்பு, தயமின், நயாசின் நான்குக்கும் விலை பூஜ்யம். பிறகு 77 பொருள்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு டாலருக்கு வாங்கியதில் உள்ள சத்துகளின் மதிப்பு ஒரு டாலரைத் தாண்டவில்லை என்று பார்க்க வேண்டும், தேர்வான ஐந்தில் மட்டும் அது சரியாக ஒரு டாலராகவே நிற்கும். இப்போது ஓராண்டுக்குத் தேவையான சத்துகளை அதே விலையில் கூட்டினால் அந்த ஐந்து பொருள்களின் செலவே வருகிறது, எந்தச் சாப்பாட்டுத் திட்டமும் அந்தத் தொகைக்குக் கீழே போக முடியாது என்று ஆகிவிடுகிறது. தேர்வாகாத 72 பொருள்களும் சாட்சி சொன்ன பிறகு வருகிற விடை அது, அதன் அழகு எனக்கு இன்றும் குறையவில்லை.

அந்த 120 ஆள்-நாள் வேலையை இன்று மடிக்கணினி கண்ணிமைப்பதற்குள் முடிக்கிறது, திரையில் 'உகந்த தீர்வு' என்று வந்ததும் பிள்ளைகள் கோப்பை மூடிவிடுகிறார்கள், பேராசிரியரின் கேள்வியை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. மேடுபள்ளமான கணக்குகளில் டூயல் விடையைத் தொடும் என்று உறுதியில்லை, அங்கே வெவ்வேறு புள்ளிகளிலிருந்து தொடங்கிப் பார்ப்பதைத் தவிர எளிய வழி இல்லை. ஆனால் லீனியர் கணக்குக்கு அந்தச் சாக்கு இல்லை. நிழல் விலைகளை மென்பொருளே தருகிறது, அவற்றைக் கேட்டு வாங்கி, ஒருமுறை நீங்களே கூட்டிப் பாருங்கள்.