காக்கா கொண்டுவந்த நத்தை ஓடு

என் மேசை இழுப்பறையில் பழைய தீப்பெட்டி ஒன்று இருக்கின்றது. அதனுள் பஞ்சில் பொதிந்த நத்தை ஓடு ஒன்றும், விரல் நுனியளவு வெண்சாம்பல் நிறக் கட்டி ஒன்றும் உள்ளன. இரண்டும் அரபு நாட்டின் நஃபூது மணற்பரப்பிலிருந்து வந்தவை. தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவனுக்கு மண்ணியலில் என்ன வேலை என்று இம்மலரைப் புரட்டுவோர் கேட்கக்கூடும். இத்தீப்பெட்டியைக் காட்டி நான் ஒரு மேடையில் சொன்ன சொல்லையும், பின்னர் அச்சொல்லைத் திரும்பப் பெற நேர்ந்ததையும் எழுதி வைத்தல் என் கடன் என்று கருதுகின்றேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் மூத்த சகோதரரைக் காக்கா என்று அழைப்பது வழக்கம். என் காக்கா 1981இல் சவூதி அரேபியா சென்று, ஹாயில் வட்டாரத்தில் தண்ணீர் லாரி ஓட்டினார். 1987இல் விடுப்பில் வந்தபோது மற்றவர்க்கெல்லாம் துணியும் அத்தரும் கொணர்ந்தவர், எனக்கு இத்தீப்பெட்டியைத் தந்தார். மணற்குன்றுகளுக்கிடையே சுண்ணாம்புத் தளம் போட்டாற் போன்ற ஒரு பள்ளத்தருகே வண்டியை நிறுத்தி, அஸர் தொழுகைக்காகத் தயம்மும் செய்யக் குனிந்தபோது கண்ணில் பட்டதாம். "தண்ணீர் லாரிக்காரனா தயம்மும் செய்தாய்?" என்று உம்மா வியந்தார். திரும்பும் பயணம், தொட்டி காலி, குடிப்பதற்குரியது மட்டுமே கையில் இருந்தது என்றார் காக்கா.

வீட்டில் எல்லாரும் அந்த ஓட்டைக் கையில் வாங்கிப் பார்த்தனர். நூஹ் நபி காலத்து வெள்ளம் விட்டுச் சென்றது என்று வாப்பா தீர்ப்பளித்தார். கடல் இருந்திருக்கும் என்றார் அண்டை வீட்டார். நான் அதனை விலங்கியல் பேராசிரியர் ஒருவரிடம் காட்டினேன். தட்டையாகச் சுருண்டிருந்த அந்த ஓட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கடல் நத்தை அன்று. நன்னீரில் வாழ்வது. இதன் உறவினத்தை நம் வயல் வாய்க்காலிலும் காணலாம்" என்றார். கடலும் வெள்ளமும் அந்நொடியில் விலகின. எஞ்சியது ஒரு குளம்.

குளம் வரலாறு எழுதும் முறை நம்மவர்க்குப் புதிதன்று. கோடையில் கண்மாய் வற்றியதும் வயலுக்கு உரமாக வண்டலை வெட்டுவார்கள். வெட்டிய பக்கத்தைக் கூர்ந்து நோக்கினால் கருமை, சாம்பல், மணல் என்று பட்டை பட்டையாகத் தெரியும். நீர் நிறைந்திருந்த ஆண்டுகளில் மென்சேறு படிகின்றது. கரையோரப் புல்லின் மகரந்தத்தூள் காற்றில் வந்து விழுந்து அதில் புதைகின்றது. டயாட்டம் எனப்படும் நுண்பாசிகளின் கண்ணாடி போன்ற ஓடுகளும் அடியிற் சேர்கின்றன. நீர் வற்றத் தொடங்கினால் சுண்ணமும் ஜிப்சமும் உப்பும் படியும். முற்றும் வற்றினால் மேலே மணல் மூடும். இப்பட்டைகளைக் குழாய் இறக்கி உருவியெடுத்து, கீழிருந்து மேலாகப் படித்தால் மழையின் ஏற்ற இறக்கம் புலனாகும். பாபிலோன் மன்னன் நபோனிதஸ் தங்கியிருந்த தைமா நகரை ஒட்டிய உப்பளத்தில் இவ்வாறு எடுத்த படிவுகளில், ஆண்டுக்கொன்றாக எண்ணத்தக்க மெல்லிய படலங்களே கிடைத்திருக்கின்றன. அங்கே ஈரக்காலம் இன்றைக்குச் சற்றேறக்குறைய 8,800 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 7,900 ஆண்டுகளுக்கு முன் முடிந்தது என்று 2022இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. வட அரேபியாவின் பசுமை பல்லாயிரம் ஆண்டு நீடித்திருக்கும் என்று எண்ணியிருந்தோர்க்கு, ஓராயிரம் ஆண்டுக்கும் குறைவான இக்கணக்கு வியப்பளித்தது.

இவையெல்லாம் பின்னால் அறிந்தவை. 1994இல் எனக்குத் தெரிந்ததோ ஒரே ஓர் ஆய்வு. அராம்கோ நிறுவனத்தில் பணியாற்றிய மக்ளூர் என்னும் மண்ணியலாளர், ருப்உல் காலீ பெரும்பாலையின் தென்மேற்கே முந்தஃபன் என்னுமிடத்தில் பழைய ஏரிப் படிவுகளைக் கண்டு, 1976இல் நேச்சர் இதழில் எழுதியிருந்தார். நீர்யானை, காட்டெருது ஆகியவற்றின் எலும்புகளும் அங்கே கிடைத்தன. கதிரியக்கக் கரிமக் கணிப்பின்படி ஏரிகள் 36,000 முதல் 17,000 ஆண்டுகளுக்கு முன் வரையும், மீண்டும் 9,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன் வரையும் இருந்தன என்பது அவர் முடிபு.

அவ்வாண்டு மீலாத் விழாவில் பேச எனக்கு அழைப்பு வந்தது. அரபு மண் மேய்ச்சல் நிலங்களாகவும் ஆறுகளாகவும் மீளும் வரை இறுதிநாள் வாராது என்னும் கருத்துடைய நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. அந்நபிமொழியை எடுத்துரைத்து, மக்ளூரின் ஆண்டுக் கணக்கை அருகில் வைத்து, தீப்பெட்டியைத் திறந்து நத்தை ஓட்டை உயர்த்திக் காட்டி, "அறிவியல் இன்று சான்றொப்பம் இட்டுவிட்டது!" என்றேன். அரங்கு அதிர்ந்தது. பெரியவர் ஒருவர் மேடையேறி வந்து என்னைத் தழுவிக்கொண்டார். என் பேச்சு துண்டறிக்கையாக அச்சாகிப் பல ஊர்களுக்கும் போயிற்று. அந்தக் கைதட்டல் என் காதில் நெடுங்காலம் இனித்தது என்பதை மறைப்பதற்கில்லை.

காக்காவின் மகள் மண்ணியலில் முதுகலை பயின்றாள். 2012இல் ஒரு நாள் சில தாள்களைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். "சாச்சா, உங்கள் துண்டறிக்கையில் உள்ள முதற் கணக்கு நிற்காது" என்றாள். முந்தஃபன் ஏரிகளை வேறொரு முறையில் மறுபடியும் அளந்து 2011இல் வெளியிட்டிருந்தனர். மணல் துகள் கடைசியாக வெயிலைக் கண்டது எப்போது என்று கணிக்கும் ஒளிர்வு முறை அது. அதன்படி மூத்த ஏரிகள் சுமார் 80,000, 1,00,000, 1,25,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. 9,000 ஆண்டையொட்டிய பிற்கால ஏரி மட்டும் தன் இடத்தில் நின்றது.

முன்னவர் பொய் கூறினாரா என்று கேட்டேன். இல்லை என்று விளக்கினாள். கரிமக் கணிப்பு ஐம்பதாயிரம் ஆண்டுக்கு அப்பால் எட்டாது. ஓடுகளிலும் சுண்ணத்திலும் பிற்காலக் கரிமம் நீரோடு கசிந்து கலந்துவிடும். அளவிட முடியாத அளவு பழமையான பொருளொன்றில் இக்காலக் கரிமம் நூற்றில் ஒரு பங்கு கலந்தாலே போதும், அது 37,000 ஆண்டுப் பொருள் போலத் தோற்றம் தரும். மக்ளூர் தம் காலத்துக் கருவியால் நேர்மையாகவே அளந்தார். அதன் எல்லை எது என்று கேளாமல் மேடையேறியவன் நான்.

ஓராண்டுக்கும் மேலாக யாரிடமும் இதனைச் சொல்லவில்லை. பின்னர் ஒரு நாள், அன்றைய விழாவுக்குத் தலைமை தாங்கிய ஆலிம் பெருந்தகையைத் தேடிச் சென்றேன். முதுமையால் கட்டிலில் சாய்ந்திருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "தம்பி, ஏரியின் வயது மாறினால் நபிமொழிக்கு என்ன குறை? நீங்கள்தாம் ஒன்றை மற்றொன்றின் தோளில் ஏற்றினீர்கள்" என்றார். பின்பு, அந்நபிமொழியில் வரும் 'தஊத' என்னும் வினைச்சொல்லுக்கு 'மீளுதல்' என்றும் 'ஆகுதல்' என்றும் இரு பொருள் அரபியில் உண்டென்று விளக்கினார். மக்கள் குறைந்து, பயிரிடுவாரின்றி நிலம் விடப்படுவதையே இமாம் நவவி இதற்கு விளக்கமாகக் கூறியிருப்பதையும் எடுத்துக்காட்டினார். சொல்லின் பொருளை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவன், ஒரு சொல்லின் இரண்டாம் பொருளைத் தேடாமலே முழங்கியிருக்கின்றேன். "அன்றே சொல்லியிருக்கலாமே, ஹஜ்ரத்" என்றேன். "கைதட்டல் ஓயட்டும் என்று காத்திருந்தேன்" என்றார்.

அதன்பின் கல்லூரியின் முன்னாள் மாணவர் கூட்டத்தில் எழுந்து என் பிழையைக் கூறினேன். கூட்டம் முடிந்ததும் வணிகர் ஒருவர் அருகில் வந்தார். 1994இல் இளங்கலை மாணவராக அரங்கின் பின்வரிசையில் இருந்தவர். "ஐயா, உங்கள் கணக்கைச் சொல்லித்தான் விடுதி அறை நண்பனிடம் வாதிட்டு வென்றேன். இப்போது அவனிடம் என்ன சொல்வது?" என்று கேட்டார். நான் இப்போது சொன்னதை அப்படியே சொல்லுங்கள் என்றேன். அவர் சொன்னாரா என்பதை நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும்.

பிழையைச் சொன்ன பிறகுதான் அந்தப் பழைய ஏரிகளை அச்சமின்றிப் பார்க்க முடிந்தது. நான் மேடையில் காட்டிய சித்திரத்தினும் அவை பெரியவை. நஃபூதில் அல்வுஸ்தா என்னுமிடத்து ஏரிப் படிவில் 2016இல் கிடைத்த மனித விரலெலும்பு ஒன்று 85,000 ஆண்டுகளுக்குக் குறையாதது என்று 2018இல் அறிவித்தனர். அதே மணற்பரப்பில், அரபியில் 'சுவடு' என்று பொருள்படும் அலஸர் என்னும் ஏரித்தரையில், மனிதர், யானை, ஒட்டகம் ஆகியவற்றின் காலடித் தடங்கள் சுமார் 1,20,000 ஆண்டுகளாக நிலைத்திருந்ததை 2020இல் வெளியிட்டனர். நீர் அருந்த வந்தவர்கள் ஈரச்சேற்றில் கால் பதித்துப் போயிருக்கின்றார்கள்.

அம்மழை ஏன் வந்தது, ஏன் போயிற்று? இன்று பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில். பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் இது வடகோளத்தின் கோடையில் நிகழ்ந்தது. ஆதலால் கோடை வெயில் கடுமையாகி, நிலம் மிகச் சூடேறி, பருவக்காற்றை இன்னும் வடக்கே ஈர்த்தது. அமெரிக்க வானிலை அறிஞர் ஜான் குட்ஸ்பாக் 1981இல் இதனைக் கணக்கிட்டுக் காட்டினார். ஏறத்தாழ 23,000 ஆண்டுக்கொரு முறை இச்சுழற்சி திரும்புகின்றது. நமக்குக் குற்றாலச் சாரலைத் தரும் தென்மேற்குப் பருவக்காற்றின் பெருங்குடும்பத்துக் காற்றே அன்று தென்னரேபியாவை நனைத்தது. அந்த மழையில் ஒரு பங்கு பாறையடியில் இறங்கித் தேங்கிற்று. ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து காக்கா தம் லாரியில் நிரப்பியதும் அத்தகைய பழநீர்தான். அந்நீரைக் கொண்டு பாலையில் கோதுமை விளைத்த சவூதி அரசு, நிலத்தடி நீர் குறைவது கண்டு, உள்நாட்டுக் கோதுமைக் கொள்முதலைப் படிப்படியாகக் குறைக்க 2008இல் முடிவு செய்தது.

சென்ற ரமலானில் காக்காவின் மகள் வந்திருந்தாள். தீப்பெட்டியிலுள்ள கட்டியை ஆய்வுக்கு அனுப்பி வயதறியலாமே என்று ஆசையுடன் கேட்டேன். தலையை அசைத்து மறுத்தாள். எந்தப் பள்ளம், எத்தனையாவது பட்டை, மேலே என்ன இருந்தது, கீழே என்ன இருந்தது என்பவை தெரியாத கட்டி எதற்கும் சாட்சி ஆகாதாம். எனக்கு உடனே ஹதீஸ் கலையின் இஸ்னாத் நினைவுக்கு வந்தது. யார், யாரிடம் கேட்டார் என்னும் தொடர் அறுந்த செய்தியை இமாம்கள் ஏற்பதில்லை. என் கட்டியும் அத்தகையதே. முப்பதாண்டுகளுக்கு முன் அரங்கில் உயர்த்திக் காட்டியது தொடர் அறுந்த ஒன்றை.

திண்ணையில் அமர்ந்திருந்த காக்கா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுபதைக் கடந்துவிட்டார், கண்ணும் மங்கிவிட்டது. தாளும் பேனாவும் கொண்டுவரச் சொன்னார். ஜுப்பா ஊரை ஒரு வட்டமாகப் போட்டார். மலையை ஒரு கோடாக இழுத்தார். "இங்கே இரண்டு ஒற்றையடித் தடம் பிரியும். இடப்பக்கம் போனால் கிணறு. அதற்குமுன் ஒரு சிவப்புக் குன்று..." என்று நிறுத்தி, நெடுநேரம் தாளையே பார்த்திருந்தார். சிவப்புக் குன்றுகள் அங்கே பல என்றும், காற்று அவற்றை நகர்த்தியிருக்கும் என்றும் தாமே கூறிக்கொண்டார். பிறகு ஓரிடத்தில் புள்ளி வைத்து, அதனருகே கேள்விக்குறியும் இட்டார். அவர் மகள் அத்தாளில் தேதியை எழுதி, தந்தையின் பெயரையும் எழுதி, மடித்துத் தன் புத்தகத்துள் வைத்துக்கொண்டாள்.