சிவப்பு நட்சத்திரம்

கணினிப் படிவத்தில் ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம், இரண்டுக்கும் பக்கத்தில் 'கட்டாயம்' என்று சொல்லும் சிவப்பு நட்சத்திரம். படிவங்களை எழுதும் எங்கள் தொழிலில் அதை வைப்பது ஐந்து நிமிட வேலை. அந்த நட்சத்திரத்தை வைப்பவர் குடும்பப் பெயரோடு பிறந்தவராக இருப்பார்; இல்லாவிட்டால் அப்படி ஒருவர் எழுதியதை எடுத்து ஒட்டியவராக இருப்பார்.

தமிழ்நாட்டில் நமக்கோ முன்னால் ஓர் இனிஷியல், பிறகு பெயர், அவ்வளவுதான். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டங்களை விட்டுவிடத் தீர்மானம் போட்டார்கள். அவர்கள் வெட்டிப் போட்ட இடத்தைத்தான் இன்று கணினி 'நிரப்பு' என்கிறது.

நிரப்புகிறார்கள். நம்மூர் வாடிக்கையாளர்கள் உள்ள டேட்டாபேஸ் எதையாவது திறந்து லாஸ்ட் நேம் வரிசையைப் பாருங்கள்: ஒரு புள்ளி, ஒரு கோடு, 'என்.ஏ.', சொந்தப் பெயரே இரண்டாம் முறை, எல்லாவற்றையும்விட அதிகமாக அப்பா பெயர். பிறகு நிறுவனம் அந்த வரிசையை நம்பி மின்னஞ்சல் அனுப்பும். 'அன்புள்ள' என்று தொடங்கி அப்பாவை விசாரிக்கும் கடிதங்கள் எனக்கு வாராவாரம் வருகின்றன.

பான் கார்டை எடுத்துப் பாருங்கள். தனிநபரின் பான் எண்ணில் ஐந்தாவது எழுத்து லாஸ்ட் நேமின் முதல் எழுத்து. என் கார்டில் அங்கே அப்பா நிற்கிறார். கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய மனைவியின் கார்டில் மாமனார். "என் இனிஷியல்ல ஏன் உங்க எழுத்து மட்டும்? அம்மா எழுத்தும் வேணும்ப்பா" என்கிறாள் மகள். நியாயம்தான், ஆனால் எந்தக் கட்டத்தில் போடுவது?

வீட்டோடு நிற்கிற தொல்லையும் இல்லை. 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்றது ஐக்கிய அரபு அமீரகம். இத்தனைக்கும் பாஸ்போர்ட்டுகளுக்கான, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் (ஐ.சி.ஏ.ஓ.) விதி இதில் தாராளமானது. பெயரை இரண்டாகப் பிரிக்க முடியாவிட்டால் முழுப் பெயரையும் முதல் பகுதியிலேயே எழுதலாம் என்கிறது. விதி விட்டுக்கொடுத்ததைப் படிவம் எழுதுபவர் பிடுங்கிக்கொள்கிறார்.

நான் எழுதும் படிவங்களில் 'பெயர்' என்று ஒரே நீளக் கட்டம். தேவைப்பட்டால் கீழே, 'உங்களை எப்படி அழைக்கலாம்?' "அப்புறம் ரிப்போர்ட்டை எதை வெச்சு வரிசைப்படுத்துறது?" என்று டீம் லீட் கேட்பார். வாடிக்கையாளர் எண் எதற்கு இருக்கிறது? பணம் கட்டும் பக்கம்தான் இன்னும் வழிக்கு வரவில்லை. அது வேறு கம்பெனியுடையது, இரண்டு கட்டம் இல்லாமல் நகராது. அங்கே மட்டும் ஒரே பெயரை இரண்டு தடவை அனுப்பும்படி எழுதி வைத்திருக்கிறேன்.