எடைக்கல்லின் எடை

நடுவு நிலைமையைப் பேசவந்த வள்ளுவர் சான்றோரைத் துலாக்கோலுக்கு ஒப்பிட்டார். முதலில் தான் சமனாய் நின்று, பின்னரே பொருளை நிறுக்கும் கோல் அது. வகுப்பில் அக்குறளை நடத்தும்போதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. கோல் சமனாய் நின்றுவிட்டால் போதுமா? எதிர்த்தட்டில் வைக்கும் எடைக்கல்லை யார் நிறுத்துப் பார்ப்பது?

கோப்பெங், ஈயத்தையும் ரப்பரையும் நிறுத்து வாழ்ந்த ஊர். அதன் சுற்றுப்புறத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய என் தந்தையாருக்கு இவ்வையம் வெறும் ஏட்டு ஐயமன்று, மாதச் சம்பளம். பாலை நிறுத்தால் மட்டும் கூலி கணக்காகாது. பாலில் பெரும்பகுதி நீர். உலர்ந்த ரப்பர் நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்கே. அதனை அறிய மெட்ரோலாக் என்னும் மிதவைக் கோலைப் பாலில் இடுவர். கெட்டிப் பாலில் அது தாராளமாய் ஏறி இறங்காது. ஆகவே ஒரு பங்கு பாலுக்கு இரு பங்கு நீர் கலந்து, கோல் காட்டும் எண்ணை மூன்றால் பெருக்குவது வழக்கம். அப்போது பிழையும் மும்மடங்காகும். நீர்ப்பாலில் 11 எனக் காணவேண்டியதை 10 எனக் கண்டால், 33 பங்கு 30 ஆகிவிடும். 20 கிலோ பாலில் 600 கிராம் ரப்பர் போயிற்று! நீர் அளந்த குவளை சற்றுப் பெரிதாயினும் எண் குறையும். பால் சூடேறினாலும் எண் மாறும். "கோல் சரியாகத்தான் இருக்கிறது" என்பது கிராணியாரின் விடை. கோலை யார் குறை சொன்னார்? என் தந்தையார் கேட்டது குவளையைப் பற்றியல்லவா!

ஈப்போவில் கருவிகளின் அளவைச் சரிபார்க்கும் கூடமொன்றில் பணியாற்றும் என் தம்பி மகனிடம் இதனைச் சொன்னேன். "பெரியப்பா, தாத்தா கேட்ட குவளையைத்தான் நாங்கள் இப்போது கணக்கில் எழுதுகிறோம்" என்றான் அவன். தராசைச் சோதிக்க 20 கிலோ எடைக்கல்லை ஏற்றுகிறார்கள். அக்கல்லும் முற்றாக 20 கிலோ அன்று. அனைத்துலக விதிப்படி எம்1 தரத்துக் கல் 1 கிராம் வரை கூடவோ குறையவோ இடமுண்டு. எம்3 தரத்துக் கல்லுக்கு 10 கிராம். தராசில் பலமுறை ஏற்றியிறக்கிக் கண்ட சிதறல் 1 கிராம் என்று கொள்வோம். நூற்றில் 95 முறைக்காவது பொருந்துமாறு அதனை இருமடங்காக்கினால், உறுதியின்மை 2 கிராம். ஆனால் கல்லின் பிழையெல்லையை மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்து, இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி, வர்க்கமூலம் கண்டு இருமடங்காக்கினால், எம்1 கல்லுக்கு 2.3 கிராம், எம்3 கல்லுக்கோ ஏறத்தாழ 12 கிராம். தராசு என்னவோ அதே தராசுதான். 2 என்று மட்டும் எழுதுபவர் பொய் எழுதவில்லை. கல்லைப் பற்றி வாய் திறக்கவில்லை, அவ்வளவே.

கல்லுக்கெனத் தனிச் சான்றிதழ் இருப்பின் அதன் பிழையைக் கழித்துக்கொள்ளலாம். ஆயினும் அச்சான்றிதழின் உறுதியின்மை எஞ்சிநிற்கும். அதனை நிறுத்த கல் எது? அதற்கும் மேற்பட்டது எது? இவ்வாறு ஏறிச்சென்றால் பாரிசையடுத்த செவ்ரில் 1889 முதல் காத்துவந்த பிளாட்டினம்-இரிடிய உருளையில் போய் முடியும். அதுவே கிலோகிராம், ஆதலால் வரையறைப்படி அதற்குப் பிழையே கிடையாது. ஆனால் நூறாண்டில் அதன் படிகள் ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் விலகியபோது, மாறியது படியா, மூலமா என்று எவராலும் சொல்ல இயலவில்லை. 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலியே கிலோகிராமை வரையறுக்கிறது. அரியணை இழந்த அவ்வுருளையின் எடைக்கும் இன்று உறுதியின்மை இத்துணை என்று பக்கத்தில் எழுதவேண்டியிருக்கிறது.